வெள்ளியங்கிரிக்குப் புறப்படும் முன்

தென்கயிலாயம் என அடியார்கள் போற்றும் வெள்ளியங்கிரி, கோவைக்கு மேற்கே உள்ளது. அடிவாரமான பூண்டியிலிருந்து ஏழு மலைகளைக் கடந்தால், உச்சியில் சுயம்புலிங்கமாக எழுந்தருளியுள்ள ஈசனைத் தரிசிக்கலாம். பொதுவாகப் பிப்ரவரி முதல் மே வரை மலையேற வனத்துறை அனுமதிக்கிறது.

வங்கிப் பணியிலிருந்து ஓய்வுபெற்ற மறு ஆண்டில் முதன்முறையாகச் சென்றேன். நாள்தோறும் கோயிலை வலம்வரும் கால்கள்தாமே என்னும் நம்பிக்கையைத் தவிர வேறு ஆயத்தம் இல்லை. முதல்நாள் வாங்கிய காலணி, முதல் மலைப் படிகளிலேயே குதிகாலைப் புண்ணாக்கியது. மூன்றாம் மலையில் மூச்சுத் திணறியது, கண்கள் இருண்டன. "அத்தான், இறங்கிவிடலாம்" என்றார் உடன்வந்த மைத்துனர். கண்ணீருடன் திரும்பினேன். அடிவாரச் சந்நிதியில் நின்றபோது, அங்கிருந்த முதியவர் ஒருவர், "மலை எங்கும் போய்விடாது, தயார் செய்துகொண்டு வாருங்கள்" என்றார்.

அதன்படியே செய்தேன். முதலில் மருத்துவரிடம் இரத்த அழுத்தம், சர்க்கரை, இதயம் ஆகியவற்றைப் பரிசோதித்து அவருடைய சம்மதம் பெற்றேன். மூன்று மாதங்கள் நாள்தோறும் நடந்தேன். மாடிப்படிகளில் ஏறி இறங்கினேன். ஏறும்போது மூச்சுக்குச் சோதனை. இறங்கும்போது முழங்காலுக்குச் சோதனை.

வழுக்காத அடிப்பாகமுள்ள காலணியை வாங்கி, நடைப்பயிற்சியிலேயே பழக்கினேன். பருத்திக் காலுறை இரண்டு இணை, கம்பளிக் குல்லாய், ஸ்வெட்டர், மாற்று பேட்டரியுடன் கைவிளக்கு, வழக்கமான மாத்திரைகள், பேரீச்சை, கடலை மிட்டாய், எவர்சில்வர் குப்பியில் நீர் ஆகியவை போதும். சுமை கூடினால் துன்பமும் கூடும். பிளாஸ்டிக் பொருள்களைத் தவிர்த்தல் வேண்டும். அடிவாரத்தில் கிடைக்கும் மூங்கில் தடியே மூன்றாவது கால். உச்சியில் குளிர்காற்று கடுமையாக வீசும்; வியர்வையில் நனைந்த சட்டையை மாற்றிக்கொள்ள வேண்டும்.

தனியே செல்லலாகாது. நெஞ்சில் இறுக்கம், குளிர்ந்த வியர்வை, தலைச்சுற்றல் இவற்றில் எது தோன்றினாலும் உடனே அமர்ந்து, உடன்வருவோரிடம் சொல்லி, உதவி பெற வேண்டும். அதற்குமேல் ஓரடியும் ஏறக் கூடாது.

இரண்டாம் முறை இளைஞர்கள் பலர் என்னைக் கடந்து சென்றனர். நான் நூறு அடிக்கு ஒருமுறை நின்று நின்றே ஏறினேன். விடியற்காலையில் ஐயனைக் கண்டபோது, முந்தைய ஆண்டு திரும்பியதும் அவன் அருளே என உணர்ந்தேன்.

மருத்துவர் வேண்டாமென்றால் வருந்தாதீர்கள். பூண்டியில் நின்று கைகூப்பினாலும் அவன் ஏற்றுக்கொள்வான்.