மேற்கோள் எங்கே?

சிவகாசி அச்சகத்தில் காலண்டர் புரூப் பார்ப்பது என் பிழைப்பு. அச்சேறிவிட்டால் போனது போனதுதான். இரவில் தமிழ் விக்கிப்பீடியா. 2003-ல் தொடங்கியது, யாரும் திருத்தலாம்.

2012 செப்டம்பர் 5, முதலிப்பட்டி பட்டாசு ஆலை வெடிவிபத்து. இறந்தவர் எண்ணிக்கையை டீக்கடையில் கேட்டபடி அதன் விக்கிக் கட்டுரையில் ஏற்றினேன். (நேரில் போய்வந்தவர் சொன்னதாச்சே!) முன்பின் தெரியாத ஒருவர் அதை நீக்கிவிட்டு, பேச்சுப் பக்கத்தில், "மேற்கோள் எங்கே ஐயா?" என்றார். சுருக்கென்றது. நாளிதழ்களைப் புரட்டினால் அன்று மாலை ஓர் எண், மறுநாள் இன்னொன்று. பிந்திய எண்ணை, தேதியும் நாளிதழின் பெயருமாகச் சேர்த்தேன். நான் எழுதியிருந்த 'கோரமான' என்ற சொல்லையும் எடுத்தேன். அதற்குத்தான் மனசு வரவில்லை, பக்கத்து ஊர்க்காரன் அல்லவா.

கட்டுரையின் திருத்த வரலாற்றைத் திறந்தால் என் பழைய பிழை, ஏற்றிய நேரத்தோடு, இன்னும் கிடக்கிறது.