வீட்டில் அமைக்கும் சி.என்.சி ரூட்டர் மேசை

சி.என்.சி ரூட்டர் மேசை என்பது, கணினி தரும் எண் கட்டளைகளின்படி ஒரு சுழலும் வெட்டுமுனையை நகர்த்தி, மரம், பிளைவுட், எம்.டி.எஃப், அக்ரிலிக் ஆகிய பலகைகளை வெட்டவும் செதுக்கவும் பயன்படும் பொறியாகும். 'கணினிவழி எண்ணியல் கட்டுப்பாடு' என்று பொருள்படும் ஆங்கிலத் தொடரின் முதலெழுத்துகளே சி.என்.சி. இங்கு ரூட்டர் என்பது இணைய இணைப்புக்கு வைக்கும் பெட்டி அன்று. தச்சர்கள் பலகையில் பள்ளமும் ஓரவேலையும் எடுக்கப் பயன்படுத்தும் மின்கருவி அது. அந்தக் கருவியைக் கையில் பிடிக்காமல், மூன்று திசைகளில் நகரும் ஒரு சட்டகத்தில் பொருத்திவிட்டால் அதுவே சி.என்.சி ரூட்டர் ஆகிறது.

தொழிற்சாலைகளுக்கு மட்டுமே உரியதாக இருந்த இப்பொறியை இன்று வீட்டுக் கார் ஷெட்டிலோ பின்கட்டுச் சாய்ப்பிலோ ஒருவர் தாமே அமைத்துக்கொள்ள முடிகிறது. இதில் கடினமான பகுதி கணினி என்றே பலரும் நினைக்கின்றனர். உண்மையில் வேலையின் தரத்தைத் தீர்மானிப்பது மேசைதான். பொறி தனக்குக் கொடுத்த வடிவத்தைத் திரும்பத் திரும்பச் செய்வது போலவே, தன் சட்டகத்தில் உள்ள கோணலையும் ஒவ்வொரு பலகையிலும் தவறாமல் திரும்பச் செய்யும்.

தறியில் தொடங்கிய முறை

துளையிட்ட கட்டளையைப் படித்துப் பொறி இயங்கும் முறை திருவண்ணாமலை மாவட்டத்தின் ஆரணிக்குப் புதியதன்று. புவிசார் குறியீடு பெற்ற ஆரணிப் பட்டின் கரையிலும் முந்தியிலும் உருவங்களை எடுக்க உதவும் ஜக்கார்டு பெட்டி இதே அடிப்படையில்தான் வேலை செய்கிறது. தறியின் மேலே தொடராகக் கோக்கப்பட்ட அட்டைகள் தொங்குகின்றன. ஒவ்வோர் அட்டையும் ஓர் ஊடைக்கு உரியது. அட்டையில் துளை இருக்கும் இடத்தில் ஊசி உள்ளே செல்கிறது. அதனுடன் இணைந்த கொக்கி மேலே தூக்கப்பட்டுப் பாவு நூல் உயர்கிறது. துளை இல்லாத இடத்தில் ஊசி தள்ளப்படுவதால் கொக்கி விலகிவிடுகிறது. நூல் தாழ்ந்தே நிற்கிறது. அட்டைகளின் வரிசை மாறினால் அன்னமும் மயிலும் உருமாறிப்போகும்.

பிரான்சின் லியோன் நகரில் 1725இல் பசீல் பூஷோன் துளையிட்ட காகிதத்தால் தறி நூல்களைத் தேர்ந்தெடுக்க முயன்றார். அதன் வழியே வந்தவர்களின் முயற்சிகளை இணைத்து 1804இல் ஜோசப் மாரி ஜக்கார்டு தம் பொறியை உருவாக்கினார். சார்லஸ் பாபேஜ் தாம் திட்டமிட்ட பகுப்பாய்வுப் பொறிக்கு அந்த அட்டை முறையையே எடுத்துக்கொண்டார். 1890ஆம் ஆண்டு அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் ஹெர்மன் ஹாலரித் துளை அட்டைகளைக் கொண்டு எண்ணினார்.

உலோகம் வெட்டும் பொறிக்கு இம்முறை வந்தது இரண்டாம் உலகப் போருக்குப் பின்னர்தான். ஹெலிகாப்டர் இறக்கைகளைத் தயாரித்த ஜான் பார்சன்ஸ், வளைவின் புள்ளிகளை எண்களாகக் கொடுத்துப் பொறியை இயக்கலாம் என்று கண்டார். அவர் அமெரிக்க விமானப்படையிடமிருந்து 1949இல் பெற்ற ஒப்பந்தத்தின் தொடர்ச்சியாக, மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகம் 1952இல் துளை நாடாவால் இயங்கும் அரவைப் பொறியை இயக்கிக் காட்டியது. பின்னர் நாடாவின் இடத்தைக் கணினி பிடித்தது.

வீட்டுக்கு வந்த வழி

இத்தாலியில் 2005இல் வெளிவந்த ஆர்டுயினோ என்ற சிறு மின்சுற்றுப் பலகையும், அதில் இயங்குமாறு 2009இல் வெளியிடப்பட்ட ஜி.ஆர்.பி.எல் என்ற கட்டற்ற மென்பொருளும் இப்பொறியின் விலையைப் பெரிதும் குறைத்தன. பொறிகளின் வரைபடங்களை எல்லாருக்கும் திறந்து வைக்கும் வழக்கமும் இதே காலத்தில் வளர்ந்தது. இந்தியாவில் இதற்கு ஒரு முன்னோடி, மகாராட்டிரத்தின் பாபல் கிராமத்தில் உள்ள விஞ்ஞான் ஆசிரமம். மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தின் முயற்சியில் 2002இல் அங்கு ஃபேப் லேப் எனப்படும் பொதுப் பட்டறை தொடங்கப்பட்டது. கணினியால் இயங்கும் வெட்டுப் பொறிகளைக் கிராமத்து மாணவர்களும் கையாளலாம் என்பதை அது காட்டியது.

முக்கிய உறுப்புகள்

மேசைச் சட்டகம்: எல்லாவற்றையும் தாங்கும் அடித்தளம். அலுமினிய புரொஃபைல், இரும்புச் சதுரக் குழாய், பிளைவுட் ஆகியவற்றால் அமைக்கப்படுகிறது.

கேன்ட்ரி: மேசையின் குறுக்கே பாலம் போல் நின்று முன்னும் பின்னும் நகரும் பகுதி. இதன் மேல் வெட்டுக் கருவி இடமும் வலமும், மேலும் கீழும் நகரும். பத்தாம் வகுப்பு ஆயத்தொலைவு வடிவியலில் வரும் எக்ஸ், ஒய் அச்சுகளுடன் உயரத்துக்கு இசட் அச்சும் சேர்ந்தால் பொறியின் மூன்று திசைகளும் கிடைத்துவிடுகின்றன.

ஸ்டெப்பர் மோட்டார்: தொடர்ந்து சுழலாமல் படிப்படியாகத் திரும்பும் மோட்டார். பொதுவான வகையில் ஒரு படி 1.8 பாகை, 200 படிகளில் ஒரு முழுச் சுற்று.

திருகு அல்லது பெல்ட்: மோட்டாரின் சுழற்சியை நேர்க்கோட்டு நகர்வாக மாற்றுவது. பால் ஸ்க்ரூ எனப்படும் குண்டுத் திருகில் தளர்வு மிகக் குறைவு. பெல்ட் மலிவானது, ஆனால் நீளக்கூடியது.

கட்டளை: 'ஜி1 எக்ஸ்100 ஒய்50 எஃப்1200' என்ற வரி, நிமிடத்துக்கு 1200 மி.மீ. வேகத்தில் நேர்க்கோட்டில் அந்தப் புள்ளிக்குச் செல் என்று பொருள்படும். இது ஜி-கோட் எனப்படுகிறது. வரைபடத்தை இங்க்ஸ்கேப், ஃப்ரீகேட் ஆகிய கட்டற்ற மென்பொருள்களில் வரைந்து ஜி-கோடாக மாற்றலாம்.

அளவைத் தீர்மானித்தல்

எட்டடிக்கு நான்கடிப் பிளைவுட் முழுவதையும் வெட்டும் மேசை வேண்டும் என்று தொடங்குவது முதல் முறை அமைப்பவர்கள் செய்யும் பெரிய தவறு. இருமுனையும் தாங்கப்பட்ட ஒரு சட்டத்தின் நடுவில் ஒரே விசை அழுத்தும்போது ஏற்படும் வளைவு, அதன் நீளத்தின் மும்மடிக்கு ஏற்ப உயர்கிறது. கேன்ட்ரியின் நீளத்தை இரட்டித்தால் வளைவு இருமடங்காகாது, எட்டு மடங்காகிறது. அதே சட்டத்தின் உயரத்தை இரட்டித்தால் வளைவு எட்டில் ஒரு பங்காகக் குறையும். எனவே முதல் மேசை சிறியதாகவும், அதன் சட்டங்கள் உயரமானவையாகவும் இருப்பது நல்லது. 600 மி.மீ.க்கு 800 மி.மீ. சட்டகம் பெயர்ப்பலகை, பெட்டி, பூசை அறைக் கதவின் சிறு பலகை போன்றவற்றுக்குப் போதும்.

பிளைவுட்டும் எம்.டி.எஃப்பும் ஈரம் உறிஞ்சும். கோடையில் சரியாக நின்ற சட்டகம் ஐப்பசி மழையில் உப்பிக் கோணலாம். அவற்றைப் பயன்படுத்தினால் வெட்டிய ஓரங்கள் உட்பட எல்லாப் பக்கமும் வார்னிஷ் பூச வேண்டும். இரும்பைப் பற்றவைத்தால் வெப்பத்தில் இழுபடும். ஆகவே ஒரு மூலையை முழுதாக முடிக்காமல், எதிரெதிர் மூலைகளில் மாறிமாறிச் சிறு புள்ளிகளாக வைத்த பிறகே முழுப் பற்று வைக்க வேண்டும்.

அமைக்கும் வரிசை

1. முறுக்கு நீக்குதல். சட்டகத்தின் நான்கு மூலைகளிலும் ஒரே உயரத்தில் ஆணி வைத்து, மூலைவிட்டங்களில் இரண்டு நூல்களை இழுத்துக் கட்ட வேண்டும். நடுவில் இரு நூல்களும் தொட்டும் தொடாமலும் இருந்தால் சட்டகம் ஒரே தளத்தில் உள்ளது. இடைவெளி தெரிந்தால் சட்டகம் முறுகியிருக்கிறது. மேல்நூலைக் கீழாக மாற்றிக் கட்டி மறுமுறையும் பார்க்க வேண்டும். ஒரு நூல் மற்றதை அழுத்திக்கொண்டிருந்தால் முதல்முறை அது தெரியாது.

2. மூலை சரிபார்த்தல். கொத்தனார்கள் கடைக்கால் போடும்போது பயன்படுத்தும் 3, 4, 5 கணக்கே இங்கும் உதவும். பக்கங்கள் 600, 800 எனில் மூலைவிட்டம் 1000 மி.மீ. இருக்க வேண்டும். இரு மூலைவிட்டங்களும் சமமாக இருப்பதே முடிவான சோதனை. 800 மி.மீ. பக்கம் 1 மி.மீ. சாய்ந்தாலும் மூலைவிட்டங்களுக்கு இடையில் ஏறத்தாழ 1.2 மி.மீ. வேறுபாடு தோன்றும்.

3. ரெயில் பொருத்துதல். முதல் ரெயிலை நேர்விளிம்பு வைத்து முழுதாக இறுக்க வேண்டும். இரண்டாவதைத் தளர்வாக வைத்து, கேன்ட்ரியை இரு முனைகளுக்கும் கையால் பலமுறை நகர்த்தி, அது செல்லும் இடத்திலேயே ஒவ்வொரு திருகாக இறுக்கினால் இரண்டும் இணையாக அமையும். கையால் தள்ளும்போது கனமாகும் இடம் இருந்தால், மோட்டார் பொருத்துவதால் அது சரியாகிவிடாது.

4. வெட்டுமுனையைச் செங்குத்தாக்குதல். மின்னிணைப்பைப் பிடுங்கிவிட்டு, கருவியின் வாயில் ஒரு வளைந்த கம்பியைப் பொருத்திக் கையால் சுற்ற வேண்டும். கம்பியின் நுனி நான்கு திசைகளிலும் மேசையை ஒரே இடைவெளியில் கடந்தால் கருவி நேராக நிற்கிறது.

5. மேற்பலகையைச் சமன்செய்தல். மேசை மீது ஒரு எம்.டி.எஃப் பலகையைத் திருகி, அதன் மேற்பரப்பு முழுவதையும் அகலமான வெட்டுமுனையால் மெல்லச் சீவ வேண்டும். பொறி தன் மேசையைத் தானே சமன்செய்துகொள்ளும் கட்டம் இது. இப்பலகை வெட்டுக்காயம் பட்டுத் தேய்ந்ததும் மாற்றப்படும்.

படியும் மில்லிமீட்டரும்

மோட்டாரின் 200 படிகளில் ஒவ்வொன்றையும் மின்சுற்று எட்டாகப் பகுத்தால் ஒரு சுற்றுக்கு 1600 படிகள். ஒரு சுற்றில் 5 மி.மீ. நகர்த்தும் குண்டுத் திருகில் 1 மி.மீ.க்கு 1600 ÷ 5 = 320 படிகள். 2 மி.மீ. இடைவெளிப் பற்கள் கொண்ட பெல்ட்டும் 20 பல் சக்கரமும் எனில் ஒரு சுற்றுக்கு 40 மி.மீ.; ஆகவே 1600 ÷ 40 = 40 படிகள்.

பெல்ட் பொறியிடம் 100 மி.மீ. நகரச் சொல்லி, அது 99.5 மி.மீ. மட்டும் நகர்ந்தால், புதிய எண் 40 × 100 ÷ 99.5, அதாவது 40.20. குண்டுத் திருகில் இத்தகைய வேறுபாடு வந்தால் உடனே எண்ணை மாற்றக் கூடாது. எங்கோ ஒரு திருகு தளர்ந்திருக்கலாம், அல்லது அளந்தது தவறாக இருக்கலாம். சட்டகத்தின் குறையை எண்ணால் மறைத்தால், அது அடுத்த வேலையில் வேறிடத்தில் வெளிப்படும்.

வெட்டும் வேகத்துக்கும் கணக்கு உண்டு. நிமிடத்துக்கு 12,000 சுற்று, இரண்டு வெட்டுவாய், ஒவ்வொரு வாயும் 0.05 மி.மீ. சீவ வேண்டும் எனில் நகர்வு வேகம் 12,000 × 2 × 0.05 = 1200 மி.மீ. மெதுவாகச் சென்றால் பாதுகாப்பு என்று வேகத்தை மிகக் குறைத்தால், முனை வெட்டாமல் உரசும்; மரம் கருகும், முனையும் மழுங்கும்.

மின்தடையும் தூசியும்

வீட்டுப் பொறிகள் பெரும்பாலும் மோட்டாருக்கு எத்தனை படிகள் சொன்னோம் என்பதை மட்டும் எண்ணுகின்றன. அது உண்மையில் நகர்ந்ததா என்று பார்ப்பதில்லை. முனை முண்டில் சிக்கிச் சில படிகள் தவறினாலும் பொறி அறியாமல் தொடர்ந்து வெட்டும். நடுவில் மின்சாரம் போனால் தான் இருக்கும் இடத்தை மறந்துவிடும். ஒவ்வோர் அச்சின் முனையிலும் ஓர் எல்லைச் சுவிட்சு இருந்தால், மின்சாரம் வந்ததும் பொறி அங்கு சென்று தொட்டு மீண்டும் தன் தொடக்கப் புள்ளியைக் கண்டுகொள்ளும். பலகையின் மூலை அந்தப் புள்ளியிலிருந்து எவ்வளவு தூரம் என்பதைத் தாளில் குறித்து வைப்பது பாதி வெட்டிய மரத்தைக் காப்பாற்றும்.

மரத்தூள் புற்றுநோயை உண்டாக்கக் கூடியது என்று பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை வகைப்படுத்தியுள்ளது. எம்.டி.எஃப் தூளில் பிசினும் கலந்திருக்கும். தூசி உறிஞ்சியும் முகக்கவசமும் கட்டாயம். தறி உள்ள வீட்டில் இந்தப் பொறியைத் தறிக்கூடத்தில் வைக்கக் கூடாது. நுண்ணிய தூள் பாவில் படிந்தால் பட்டும் சரிகையும் கெடும். கண்ணாடி அணிய வேண்டும். கையுறை அணியக் கூடாது, சுழலும் முனை அதை இழுத்துக்கொள்ளும். சட்டகத்துக்கு எர்த் இணைப்பும், மின்கசிவின்போது துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் பாதுகாப்புச் சுவிட்சும், கைக்கெட்டும் இடத்தில் பெரிய சிவப்பு நிறுத்துப் பொத்தானும் தேவை. பொறி ஓடும்போது அதை விட்டு அகலக் கூடாது.

கைவேலையின் இடம்

ஜக்கார்டு தறிக்கும் சி.என்.சி மேசைக்கும் ஒரு வேறுபாடு உண்டு. ஜக்கார்டு எந்த நூல் உயர வேண்டும் என்பதை மட்டும் தேர்ந்தெடுக்கிறது. மிதிப்பதும், நாடா எறிவதும், பலகை அடிப்பதும் நெசவாளரே. அதனால் ஜக்கார்டு பொருத்திய பின்னும் அது கைத்தறியாகவே இருக்கிறது. மின்சாரத்தால் இயங்கினால் மட்டுமே விசைத்தறி ஆகிறது. கைத்தறிக்கென்று சில துணி வகைகளை ஒதுக்கும் 1985ஆம் ஆண்டுச் சட்டம் இந்த வேறுபாட்டை அடிப்படையாகக் கொண்டதே. சி.என்.சி மேசையிலோ தேர்வும் உழைப்பும் இரண்டும் பொறியுடையவை. மரச் செதுக்கலுக்கு அத்தகைய சட்டக் காப்பு எதுவும் இல்லை. பொறியில் செதுக்கியதைக் கைவேலை என்று விற்றால், வாங்குபவரும் உளி பிடிக்கும் தச்சரும் ஏமாற்றப்படுகின்றனர்.

ஆனால் பொறியால் முடியாத ஒன்று எப்போதும் மிஞ்சுகிறது. வெட்டுமுனை உருண்டையானது. 6 மி.மீ. முனையால் ஒரு சதுரப் பள்ளம் எடுத்தால், அதன் நான்கு உள்மூலைகளும் 3 மி.மீ. ஆரத்தில் வளைந்தே நிற்கும். அதில் சதுரக் கட்டையைப் பொருத்த வேண்டுமானால் மூலைகளை உளியால்தான் எடுக்க வேண்டும். தச்சு வேலை தெரிந்தவரின் மேசையே நல்ல சி.என்.சி மேசையாக அமைவதற்கு இதுவும் ஒரு காரணம். மூலைமட்டமும் நூலும் உளியும் பழகிய கைக்கு இப்பொறி கூடுதல் கருவி. அவற்றைப் பழகாதவருக்கும் இதை அமைக்கும் வேலை அவற்றைக் கற்றுத் தந்துவிடும்.