ஆங்கிலக் கால இணைப்புச் சொற்களும் தமிழ் எச்சத் தொடர்களும்

0. முன்னுரை

ஒரு நிகழ்ச்சியை மற்றொரு நிகழ்ச்சியோடு காலத்தால் தொடர்புபடுத்திக் கூறுதல் எல்லா மொழிகளுக்கும் பொதுவான தேவையாகும். அதற்குரிய கருவிகள் மொழிதோறும் வேறுபடுகின்றன. ஆங்கிலத்தில் 'வென்', 'வைல்', 'பிஃபோர்', 'ஆஃப்டர்', 'சின்ஸ்', 'அன்டில்' முதலிய இணைப்புச் சொற்கள் துணைத்தொடரின் முன்னே நிற்கின்றன. அத்தொடரின் வினை பெரும்பாலும் முற்றாகவே வருகிறது. தமிழில் வினை எச்சமாகவோ தொழிற்பெயராகவோ மாற, காலச்சொல் அதன் பின்னே வந்து சேர்கிறது. தொல்காப்பியர் வினையியலில் பின், முன், கால், கடை, வழி, இடத்து என்பனவற்றைக் காலம் குறித்து வரும் வினையெச்ச ஈறுகளாகக் கொண்டமை, இவ்வமைப்பின் தொன்மையைக் காட்டும்.

இவ்வேறுபாடு ஆங்கிலம் கற்கும் தமிழ் மாணவர்க்கும், ஆங்கில ஆவணங்களைத் தமிழாக்குவோர்க்கும் எங்கெங்கு இடர் விளைக்கிறது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

1. பெயரோடும் தொடரோடும் வருதல்

ஆங்கிலக் காலச் சொற்களை அவை எவற்றோடு சேரும் என்பதைக் கொண்டு மூவகையாகப் பகுக்கலாம்.

(அ) காலப்பெயரோடும் தொடரோடும் சேர்வன: பிஃபோர், ஆஃப்டர், சின்ஸ், அன்டில்.
(ஆ) காலப்பெயரோடு மட்டும் சேர்வன: டியூரிங், ஃபார், பை.
(இ) தொடரோடு சேர்வன: வென், வைல், ஆஸ் ஸூன் ஆஸ், பை த டைம்.

தமிழில் இப்பாகுபாடு இவ்வாறு அமையவில்லை. 'போது' என்பது 'விடுமுறையின்போது' எனப் பெயரோடும், 'படிக்கும்போது' என வினையோடும் வரும். ஆங்கிலத்தில் முன்னதற்கு 'டியூரிங்', பின்னதற்கு 'வைல்' அல்லது 'வென்' வேண்டும். தாய்மொழியில் ஒரே சொல்லை ஆண்டு பழகியவர் 'டியூரிங் ஐ வாஸ் ஸ்டடியிங்' என எழுதுவது இதனாலேயே ஆகும். அவ்வாறே 'உள்' என்பது 'பத்தாம் தேதிக்குள்', 'அவர் வருவதற்குள்' என இரு நிலைகளிலும் வரும். ஆங்கிலம் முதலாவதற்கு 'பை' என்பதையும், இரண்டாவதற்கு 'பை த டைம்' என்ற தொடரையும் ஆளுகிறது.

'த மோமென்ட்', 'எவ்ரி டைம்', 'த டே' போன்ற காலப்பெயர்த் தொடர்கள் ஆங்கிலத்தில் தாமே இணைப்புச் சொற்களாகவும் நிற்கும். 'வந்த கணமே', 'வரும் ஒவ்வொரு முறையும்', 'வந்த நாளில்' என்னும் தமிழ் வழக்குகள் இவற்றிற்கு நேரானவை. தமிழில் பெயரெச்சமே இணைப்புப் பணியைச் செய்துவிடுகிறது. ஆங்கிலத்தில் அதற்கு இணையான உறுப்பு வெளிப்படையாக இல்லாமையால், மாணவர் 'வென்' என்பதை இடையில் மிகையாகச் சேர்ப்பதுண்டு.

2. காலம் காட்டும் முறை

இரு மொழிகளின் ஆழமான வேறுபாடு வினையின் காலத்தில் உள்ளது. பின்வரும் தொடர்களை நோக்குக.

(1) நேற்று அவர் வந்த பிறகு பேசினோம்.
(2) நாளை அவர் வந்த பிறகு பேசுவோம்.
(3) நேற்று அவர் வருவதற்கு முன் புறப்பட்டேன்.
(4) நாளை அவர் வருவதற்கு முன் புறப்படுவேன்.

'பிறகு' என்பதன் முன் எப்பொழுதும் இறந்தகாலப் பெயரெச்சமே வருகிறது. நாளைய நிகழ்ச்சியாயினும் 'வந்த' என்பது மாறுவதில்லை. 'முன்' என்பதன் முன் எதிர்கால வடிவமே வருகிறது. நேற்றைய நிகழ்ச்சியாயினும் 'வருவதற்கு' என்பதே வழக்கு. எனவே இவ்வெச்சங்கள் பேசும் நேரத்தை அளவாகக் கொண்டு காலம் காட்டவில்லை. தலைமை வினையை அளவாகக் கொண்டே காட்டுகின்றன. இதனைச் சார்புக் காலம் எனலாம். 'போது' மட்டும் 'வந்தபோது', 'வருகின்றபோது', 'வரும்போது' என நெகிழ்ந்து நிற்கும்.

ஆங்கிலத்தில் (1), (3) இரண்டிலும் 'கேம்' என்னும் இறந்தகால வினையும், (2), (4) இரண்டிலும் 'கம்ஸ்' என்னும் நிகழ்கால வினையும் வரும். எதிர்காலக் கருத்தாயினும் காலத் துணைத்தொடரில் 'வில்' இடம்பெறுவதில்லை. 'வரும்போது' என்பதை உள்ளத்திற் கொண்டவர் 'வென் ஹி வில் கம்' என எழுதுவது கவனக்குறைவால் அன்று. தாய்மொழியின் ஒழுங்கை அவர் பிறழாது பின்பற்றுவதன் விளைவே அது. ஆசிரியர் பிழையைத் திருத்துவதோடு நில்லாது இக்காரணத்தையும் எடுத்துக்காட்டின், மாணவர் தாமே திருத்திக்கொள்ள வழி பிறக்கும்.

'சின்ஸ்' என்பது தொடக்கப் புள்ளியையும், 'ஃபார்' என்பது கால நீளத்தையும் சுட்டும். இந்திய ஆங்கிலத்தில் 'சின்ஸ் டூ இயர்ஸ்' என்னும் வழக்கு பரவலாக உள்ளது. இந்தியில் 'ஸே' என்னும் ஒரே உருபு இரு பொருளிலும் வருவதை இதனோடு ஒப்பு நோக்கலாம். தமிழோ '1990 முதல்' எனவும் 'இரண்டு ஆண்டுகளாக' எனவும் இவற்றைத் தெளிவாகப் பிரிக்கிறது. 'ஆக' என வருமிடத்தில் 'ஃபார்' என்று கற்பித்தால், தாய்மொழியே இங்குத் துணையாகும். எனினும் தலைமை வினையில் இடர் தொடர்கிறது. '1990 முதல் இங்கு வாழ்கிறேன்' என்னும் தமிழ் நிகழ்காலத்திற்கு ஆங்கிலத்தில் 'ஹேவ் லிவ்ட்' என்னும் முடிவுநிலை வடிவம் வேண்டும்.

3. 'வரை' என்பதன் இருபொருள்

(5) அவர் வரும் வரை காத்திருந்தேன்.
(6) உயிர் உள்ள வரை மறவேன்.

(5) இல் 'வரை' என்பது ஒரு நிகழ்ச்சி நேரும் எல்லையைச் சுட்டுகிறது. (6) இல் ஒரு நிலை நீடிக்கும் காலம் முழுவதையும் சுட்டுகிறது. ஆங்கிலத்தில் முதலாவது 'அன்டில்'. இரண்டாவது 'ஆஸ் லாங் ஆஸ்'. வினை நிகழ்வைக் குறிக்கிறதா, நிலையைக் குறிக்கிறதா என்பதே இங்குப் பொருளை அறுதியிடுகிறது. 'உயிர் பிரியும் வரை', 'உயிர் உள்ள வரை' என்பன ஏறத்தாழ ஒரே காலத்தைச் சுட்டினும், ஆங்கிலத்தில் வெவ்வேறு இணைப்புச் சொற்களைப் பெறும். 'வராத வரை' என எதிர்மறையாயின் அதுவும் நிலையாகிவிடுவதால் 'ஆஸ் லாங் ஆஸ்' என்பதே பொருந்தும். 'அன்டில் ஹி டஸ் நாட் கம்' என்பது பொருந்தாது.

ஆங்கிலத்தின் 'நாட் அன்டில்' அமைப்பும் கருதத்தக்கது. 'ஐ டிட் நாட் லீவ் அன்டில் ஹி கேம்' என்பதனை 'அவர் வரும் வரை நான் புறப்படவில்லை' என்று மொழிபெயர்ப்பது பிழையன்று. ஆயினும், அவர் வந்தபின் புறப்பட்டேன் என்னும் உடன்பாட்டுக் குறிப்பு அதில் மங்கிவிடுகிறது. 'அவர் வந்த பிறகுதான் புறப்பட்டேன்' என்பதே கருத்தை முழுமையாகத் தரும்.

4. நாள் எல்லையும் ஆவண மொழிபெயர்ப்பும்

வகுப்பறையில் நேரும் பிழை மதிப்பெண்ணைக் குறைக்கும். ஆவணத்தில் நேரும் பிழை ஒருவரது உரிமையையே குறைக்கக்கூடும். விண்ணப்பம் வந்து சேரவேண்டிய நாளை 'பை ஜூன் 10' என ஆங்கில அறிவிப்பு குறித்தால், பத்தாம் தேதியும் அதில் அடங்கும். அதனை 'ஜூன் 10ஆம் தேதிக்கு முன்' என மொழிபெயர்த்தால் அந்நாள் விலகிவிடும். தமிழை மட்டும் படித்தவர், தமக்குரிய ஒரு நாளை இழப்பார். 'ஜூன் 10ஆம் தேதிக்குள்' என்பதே நேரான வழக்கு.

'ஃப்ரம்' என்னும் சொல் இதனினும் நுட்பமானது. 1897ஆம் ஆண்டின் ஜெனரல் கிளாசஸ் சட்டத்தின் 9ஆம் பிரிவின்படி, மைய அரசுச் சட்டங்களில் ஒரு கால வரிசையின் முதல் நாளை விலக்குவதற்கு 'ஃப்ரம்' என்பதையும், இறுதி நாளைச் சேர்ப்பதற்கு 'டு' என்பதையும் ஆண்டால் போதும். ஆனால் பொது வழக்கில் 'ஜூன் 1 முதல் ஜூன் 10 வரை' என்றால் இரு நாள்களும் அடங்கிப் பத்து நாள்கள் ஆகும். சட்ட விதியின்படி எண்ணினால் ஒன்பதே கிடைக்கும். ஆகவே இத்தகைய இடங்களில் 'முதல்' என்று மட்டும் எழுதாது, 'அந்நாள் நீங்கலாக' அல்லது 'அந்நாள் உட்பட' என வெளிப்படையாகக் குறித்தல் நன்று.

5. முடிவுரை

இதுகாறும் கண்டவற்றால், இணைப்புச் சொற்களைத் தனிச்சொற்களாகப் பொருள் கூறிக் கற்பித்தல் போதாது என்பது புலனாகும். அச்சொல் எவ்வகைக் காலத் தொடரோடு சேர்கிறது, துணைவினை எக்காலத்தை ஏற்கிறது, எல்லை நாள் அடங்குகிறதா என்னும் மூன்றையும் சேர்த்தே கற்பித்தல் வேண்டும். ஒவ்வொன்றிற்கும் இணையான தமிழ் எச்சத் தொடரை அருகில் வைத்துக் காட்டும் பயிற்சி நூல் மாணவர்க்கும் மொழிபெயர்ப்பாளர்க்கும் ஒருங்கே பயன் தரும். அத்தகைய நூலில் தாய்மொழி பிழைக்குக் காரணமாக மட்டும் சுட்டப்படாது, பிழையை உணர்த்தும் அளவுகோலாகவும் அமையும்.