அலுவலர்களுக்கு மட்டும்

முதல் பார்வைக்கு ஏதோ தேவாலயத்தின் முகப்பு என்றே தோன்றும். செங்கல் சுவர், இரு பக்கமும் சிறு கோபுரங்கள், நடுவே வளைவு. ஆனால் பெர்லினின் புருன்னன் தெருவில் நிற்கும் இது, ஏ.இ.ஜி. மின்சாதனத் தொழிற்சாலையின் நுழைவாயில். 1896 வாக்கில் இதை வடிவமைத்த பிரான்ஸ் ஷ்வெக்டன், 1895இல்தான் கெய்சர் வில்ஹெல்ம் நினைவு தேவாலயத்தைக் கட்டி முடித்திருந்தார்.

மின்சாரம் அன்று புத்தம்புதிய சரக்கு. அதை விற்ற கம்பெனிக்கோ பழைய கோட்டையின் கம்பீரம் தேவைப்பட்டது. முகப்பில் மொசைக்கால் கம்பெனியின் சின்னம் வேறு. ஆனால் பெயரிலேயே இருந்தது நிபந்தனை: பெயாம்டன்டோர், அதாவது அலுவலர் வாசல். மாதச் சம்பளக்காரர்களுக்கு இந்த வளைவு. இயந்திரங்களை ஓட்டிய தொழிலாளர்களுக்கு வேறு வாயில்கள்.

இந்த மோகம் நீடிக்கவில்லை. 1907இல் ஏ.இ.ஜி.யில் சேர்ந்த பீட்டர் பேரன்ஸ் அதே வளாகத்தில் எழுப்பிய கூடங்களில் கோதிக் அலங்காரம் இல்லை. உயர்ந்த தூண்கள், பெரிய ஜன்னல்கள். உழைப்பு நடக்கும் இடத்துக்கே கம்பீரம் வந்தது.

1980களில் தொழிற்சாலை மூடப்பட்டது. பல கட்டிடங்கள் இடிக்கப்பட்டன. 1996இல் நிறுவனமும் மறைந்தது. வாசல் இன்றும் தெருவைப் பார்த்தபடி நிற்கிறது. ஆயிரக்கணக்கானோர் உழைத்த ஆலைக்கு இன்று முகமாக இருப்பது, அவர்களுக்காகக் கட்டப்படாத வாசல்.