டீச்சர் போட்ட கைக்காசு

வேலைக்குப் போகும் பெண்ணுக்குப் பஸ்ஸுக்கு, சாப்பாட்டு டப்பாவுக்கு, மாற்றிக் கட்டப் புடவைக்கு என்று சம்பளத்தில் கொஞ்சம் போகத்தான் போகும். அதைப் பற்றி நான் எழுதவில்லை. வேலை நடப்பதற்கே வேண்டிய சாமானை, வேலை கொடுத்தவர்கள் தராமல், வேலை செய்கிறவள் தன் முந்தானை முடிச்சை அவிழ்த்து வாங்கிப் போடுகிறாளே, அதைப் பற்றித்தான் எழுதுகிறேன். குழந்தையை அங்கன்வாடிக்கு அனுப்பும் இளம் தாய்மார்கள் கொஞ்சம் கவனித்துப் படியுங்கள். உங்கள் குழந்தையின் தட்டில் கிடக்கும் காரட் துண்டு யார் காசில் வந்தது என்பதுதான் விஷயம்.

என் கணவரின் தங்கை தமிழ்நாட்டுப் பக்கம் ஒரு கிராமத்தில் அங்கன்வாடிப் பணியாளர். ஊரில் எல்லோருக்கும் அவள் 'டீச்சர்'. மாங்கனித் திருவிழாவுக்கு வருஷா வருஷம் கோவில்பத்துக்கு எங்கள் வீட்டுக்கு வந்துவிடுவாள். வந்தால் நாலு நாள் கலகலவென்று இருப்பாள். ஒரு வருஷம் வந்தவள் சுரத்தே இல்லாமல் இருந்தாள். முகமும் வெளுத்திருந்தது. "என்னம்மா, ரத்தம் டெஸ்ட் பண்ணியா?" என்றேன். "அடுத்த மாசம் பண்ணிக்கலாம் அண்ணி" என்றாள். அந்த 'அடுத்த மாசம்' மூன்று மாதமாக ஓடிக்கொண்டிருந்ததாம்! ஊரில் உள்ள கர்ப்பிணிகளை எல்லாம் உட்கார வைத்து, ரத்தசோகை வரக்கூடாது, கீரை சாப்பிடு, இரும்புச்சத்து மாத்திரையைத் தவறாமல் போடு என்று சொல்லுகிறவள் இவள்.

காசு எங்கே போகிறது என்று உட்கார்ந்து கேட்டேன். அவளுக்குக் கணக்கு எழுதும் பழக்கம் உண்டு. கைப்பைக்குள் ஒரு சின்ன நோட்டு இருந்தது. அந்த ஒரு மாதத்தில் காய்கறிக்கு மேற்கொண்டு போட்டது 380 ரூபாய். மீட்டிங்குக்குப் போய் வந்தது 160. ஜெராக்ஸ் 90. போன் ரீசார்ஜ் 299. துடைப்பம், பினாயில் 130. கூட்டினால் 1,059 ரூபாய். இதில்லாமல் காஸ் தீர்ந்துபோன அன்று வீட்டு சிலிண்டரைத் தூக்கிக்கொண்டு போயிருக்கிறாள். அதற்கு நோட்டில் கணக்கே இல்லை.

"அரிசி, பருப்பு, எண்ணெய் எல்லாம் வந்துடும் அண்ணி. முட்டையும் வந்துடும். காய், மசாலா சாமான், அடுப்பெரிக்கிற செலவு, இதுக்குத்தான் தலைக்கு இவ்வளவுன்னு காசு. தக்காளி பத்து ரூபாய்க்கு வித்தாலும் அதே காசு, எண்பதுக்கு வித்தாலும் அதே காசு."

"அப்ப அன்னிக்குக் காயைக் குறைச்சிப் போட வேண்டியதுதானே?"

"நீங்க வந்து பாருங்க. இருபது புள்ளைங்களும் தட்டைப் புடிச்சிக்கிட்டு என் மூஞ்சியையே பாக்கும். குறைச்சா போட முடியும்?"

இதற்கு நான் என்ன பதில் சொல்ல! அந்தக் காசும் முன்னால் வருவதில்லை. இவள் வாங்கிப் போட்டுவிட்டுப் பில்லை அனுப்பினால் பிறகு வரும், வருகிறபோது வரும். அதுவரை மளிகைக் கடையில் கடன். அந்தக் கடன் அரசாங்கத்தின் பேரில் இல்லை, இவள் பேரில்! கடைக்காரர் தெருவில் பார்த்தால் இவளைத்தான் நிறுத்திக் கேட்கிறார். "தங்கச்சி தர்ம சத்திரம் நடத்துது" என்று என் வீட்டுக்காரர் கேலி செய்வார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

இந்த ஊர்க்காரர்களுக்குக் காரைக்கால் அம்மையார் கதை சொல்லத் தேவையில்லை. கணவன் கொடுத்தனுப்பிய இரண்டு மாங்கனியில் ஒன்றை அடியாருக்குப் போட்டுவிட்டார். கணவன் இன்னொன்று கேட்டபோது இறைவனை நினைத்துக் கையை நீட்டினார், கனி வந்தது. அம்மையாருக்குக் குறைந்ததை ஈசன் நிரப்பினார். என் நாத்தனாருக்குக் குறைந்ததை அவள் மூக்குத்திதான் நிரப்பியது. அடகுக் கடையில் அது இரண்டு தடவை இருந்து வந்திருக்கிறது.

குழந்தைகளுக்குச் சோறு போடுவது நம் பக்கத்தில் நேற்று வந்த பழக்கம் இல்லை. புதுச்சேரிப் பகுதியில் பிரெஞ்சுக்காரர் ஆட்சியிலேயே, 1930-ல், பள்ளிக்கூடத்தில் மதிய உணவு தொடங்கியது. தமிழ்நாட்டில் 1982 ஜூலை 1-ஆம் தேதி எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கினார். அங்கன்வாடிகளை நடத்தும் ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம் 1975 அக்டோபர் 2-ஆம் தேதி நாடு முழுவதிலும் 33 வட்டாரங்களில் ஆரம்பமானது. அப்போது பள்ளி இறுதி முடித்த பணியாளருக்கு மாதம் 150 ரூபாய், முடிக்காதவருக்கு 100, உதவியாளருக்கு 35. அதற்குச் சம்பளம் என்று பெயர் வைக்கவில்லை, 'மதிப்பூதியம்' என்றார்கள். ஏதோ பொழுதுபோகாத வீட்டுப் பெண்கள் ஊருக்குச் சேவை செய்ய வருவது போல!

அந்தப் பெயரில்தான் எல்லாச் சிக்கலும் இருக்கிறது என்பது என் அபிப்பிராயம். சேவை செய்ய வந்தவளிடம் யார் செலவுக் கணக்குக் கேட்பார்கள்? 'சேவைதானே, போடும்மா' என்பார்கள். அங்கன்வாடிப் பணியாளர்கள் அரசு ஊழியர் பதவியில் இருப்பவர்கள் அல்ல என்று உச்ச நீதிமன்றமே 2006-ல் சொன்னது. 2022 ஏப்ரலில் அதே நீதிமன்றம், 1972-ஆம் வருஷச் சட்டப்படி இவர்களுக்குப் பணிக்கொடை உண்டு என்று தீர்ப்புச் சொன்னது. என் நாத்தனார் அன்று போனில் அழுதாள், சந்தோஷத்தில். ஆனால் பணிக்கொடை வேலையை விட்டுப் போகும்போது வருவது. நாளைக்கு முருங்கைக்காய் வாங்க அது உதவாது.

மத்திய அரசின் பங்காகப் பணியாளருக்கு 4,500 ரூபாய், உதவியாளருக்கு 2,250 ரூபாய் என்று 2018 அக்டோபரில் உயர்த்தினார்கள். மாநிலங்கள் அதற்கு மேல் தங்கள் பங்கைச் சேர்க்கின்றன. ஆறு மாதம் முதல் ஆறு வயது வரை உள்ள குழந்தைக்கு ஊட்டச்சத்துக்கு ஒரு நாளைக்கு 8 ரூபாய், கர்ப்பிணிக்கும் பாலூட்டும் தாய்க்கும் ஒன்பதரை ரூபாய், மிகவும் மெலிந்த குழந்தைக்கு 12 ரூபாய் என்று மத்திய அரசு 2017-ல் அளவு வைத்தது. பள்ளிக்கூடச் சாப்பாட்டில் ஆரம்பப் பள்ளிப் பிள்ளைக்குச் சமையல் செலவு 2022 அக்டோபரில் 5 ரூபாய் 45 காசு. அதை 2024 டிசம்பரில் 6 ரூபாய் 19 காசாகவும், 2025 மே மாதம் 6 ரூபாய் 78 காசாகவும் ஏற்றினார்கள். தானியம் தனி. காய், பருப்பு, எண்ணெய், மசாலா, எரிபொருள் எல்லாம் அந்தக் காசுக்குள் அடங்க வேண்டும். வீட்டில் சமையல் செய்கிற நமக்கு இந்தக் கணக்கு யாரும் விளக்க வேண்டாம். ஒரு வாழைக்காய் என்ன விலை?

போன் கதை இன்னும் வேடிக்கை. 2021 மார்ச்சில் 'போஷன் டிராக்கர்' என்ற செயலி வந்தது. குழந்தையின் எடை, உயரம், வருகை எல்லாம் அதில் ஏற்ற வேண்டும். அந்த வருஷமே மகாராஷ்டிரத்தில் அங்கன்வாடிப் பெண்கள், கொடுத்த போன்கள் உதவவில்லை, பழுது பார்க்கும் செலவு தங்கள் தலையில் விழுகிறது என்று சொல்லி ஆயிரக்கணக்கில் அவற்றைத் திருப்பிக் கொடுத்துப் போராடினார்கள். என் நாத்தனார் தன் மகன் போனில்தான் ஏற்றுகிறாள். அவன் காலேஜிலிருந்து திரும்பும் வரை குழந்தைகளின் எடை காத்திருக்கும்!

நம் நாட்டில் மட்டும்தான் இப்படி என்று நினைக்க வேண்டாம். பணக்கார அமெரிக்காவில் பள்ளி ஆசிரியைகள் வகுப்புக்கு வேண்டிய பென்சில், தாள், புத்தகம் எல்லாம் தங்கள் பணத்தில் வாங்குவது சர்வ சாதாரணம். அதற்காக 2002-லிருந்து வருமான வரிக் கணக்கில் 250 டாலர் வரை கழித்துக்கொள்ள அனுமதித்தார்கள். 2022-ல் அதை 300 டாலர் ஆக்கினார்கள். சலுகை நல்லதுதான். ஆனால் டீச்சர் கைக்காசு போடுவார் என்பதை அரசாங்கமே எழுதி ஒப்புக்கொண்டது போலவும் இருக்கிறது, இல்லையா?

ஜவுளிக் கடையில், தனியார் ஆஸ்பத்திரியில், ஆபீசில் வேலை பார்க்கும் சகோதரிகளுக்கும் ஒரு வார்த்தை. கல்லாவில் பணம் குறைந்தது, சாமான் உடைந்தது என்று சம்பளத்தில் பிடிப்பார்கள். அந்த நஷ்டம் உங்கள் கவனக் குறைவால்தான் நேர்ந்தது என்றால்தான் பிடிக்கலாம். அதுவும் உங்கள் பக்கத்தைச் சொல்ல இடம் கொடுத்த பிறகுதான். 1936-ஆம் வருஷத்துச் சம்பளச் சட்டத்திலேயே இது இருந்தது. 2019-ல் நிறைவேறிய ஊதியச் சட்டத் தொகுப்பிலும் இருக்கிறது. கேட்டால் வேலை போய்விடுமோ என்ற பயம் நியாயமானதுதான். பிடித்த தொகையையும் தேதியையும் ஒரு நோட்டில் எழுதி வைக்கவாவது யாரும் தடுக்க முடியாது.

தாய்மார்கள் என்ன செய்யலாம்? வீட்டுக் கொல்லையில் கீரை இருந்தால் ஒரு கட்டு கொடுத்தனுப்பலாம். என் நாத்தனாரின் மையத்தில் சிலர் முருங்கைக்கீரை, வாழைப்பூ கொண்டுவந்து தருகிறார்கள். எனக்கு இதில் பாதி சம்மதம்தான். டீச்சர் பையிலிருந்து எடுத்த செலவைத் தாய்மார் கொல்லைக்கு மாற்றிவிட்டால், மேலே இருப்பவர்களுக்கு எல்லாம் சரியாக நடப்பதாகவே தெரியும். பற்றாக்குறை யார் கண்ணிலும் படாது. ஆகவே கீரையைக் கொடுங்கள், கொடுத்ததை எழுதச் சொல்லுங்கள். தாய்மார் கூட்டம் நடக்கும்போது, "காய்க்கு எவ்வளவு வந்தது, எவ்வளவு ஆனது?" என்று வாய்விட்டுக் கேளுங்கள். டீச்சர் கேட்டால் அது முணுமுணுப்பு. பெற்றவர்கள் கேட்டால் அது கேள்வி.

திருவிழா முடிவதற்குள் அவளை இங்கேயே ரத்தம் டெஸ்ட் செய்ய வைத்தேன். ஹீமோகுளோபின் எட்டரைதான் இருந்தது. மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள், சாப்பிட்டு வருகிறாள். ஊருக்குப் போனதும் வரவு செலவு ரிஜிஸ்டரில் 'சொந்தப் பணம்' என்று தலைப்பிட்டு ஒரு தனிப் பத்தி போட்டிருக்கிறாள். மேற்பார்வைக்கு வந்த அம்மாள் அதைப் பார்த்து, "இதெல்லாம் எதுக்கு எழுதுறே?" என்றாராம். "ஆன செலவுதானே மேடம், எழுதிட்டேன்" என்றாளாம் இவள். அவர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, அந்தப் பத்திக்குக் கீழேயே கையெழுத்துப் போட்டுவிட்டுப் போயிருக்கிறார்.