4கே திரை தடுமாறுகிறதா? முதலில் கம்பிவடத்தைப் பாருங்கள்

செங்காங் போன்ற பேட்டைகளின் வீவக வீடுகளில் பிள்ளையின் படுக்கையறை மேசையே வகுப்பறை, அது பெற்றோருக்கு அலுவலகமாகவும் மாறும். அங்கிருக்கும் பழைய மேசைக் கணினிக்கு 27 அங்குல 4கே திரை ஒன்றை வாங்குவோர் பலர். இணைத்ததும் சிக்கல் தொடங்கும். சுட்டி விட்டுவிட்டு நகரும். காணொளி சீராக ஓடாது. சில நேரம் திரை ஓரிரு விநாடி கறுத்துவிட்டு மீண்டும் ஒளிரும்.

கணினியில் இருப்பது மலிவான வரைகலை அட்டை, அதனால் இழுக்க முடியவில்லை என்ற முடிவுக்குக் குடும்பம் வந்துவிடும். புதிய அட்டைக்குச் சில நூறு வெள்ளி ஒதுக்க வேண்டுமோ என்ற கவலையும் தொற்றிக்கொள்ளும். ஆனால், பல வேளைகளில் வேறு கம்பிவடமோ ஓர் அமைப்பு மாற்றமோ போதுமானது.

குழாய் குறுகினால் தண்ணீர் குறையும்

முழு எச்டி திரையில் 1920 × 1080, அதாவது ஏறத்தாழ 2.07 மில்லியன் புள்ளிகள் உள்ளன. 4கே திரையில் 3840 × 2160. அது 8.29 மில்லியன், சரியாக நான்கு மடங்கு. இத்தனை புள்ளிகளையும் விநாடிக்கு 60 முறை புதுப்பித்தால்தான் அசைவு சீராகத் தெரியும். இதையே 60 ஹெர்ட்ஸ் என்கிறார்கள். அதற்கு விநாடிக்கு ஏறத்தாழ 12 கிகாபிட் தகவல் கம்பிவடம் வழியாகப் போக வேண்டும்.

2009ல் வந்த எச்டிஎம்ஐ 1.4 இணைப்பின் மொத்தக் கொள்ளளவே 10.2 கிகாபிட்தான். அதனால் அது 4கே படத்தை விநாடிக்கு 30 முறை மட்டுமே அனுப்பும். சுட்டி தடுமாறுவதற்கு இதுவே முக்கியக் காரணம். 2013ல் வந்த எச்டிஎம்ஐ 2.0 இணைப்புக்கு 18 கிகாபிட், 2010ல் வந்த டிஸ்பிளேபோர்ட் 1.2 இணைப்புக்கு 21.6 கிகாபிட் கொள்ளளவு உண்டு. இவ்விரண்டிலும் 60 ஹெர்ட்ஸ் கிடைக்கும்.

தொட்டி எவ்வளவு பெரிதாக இருந்தாலும் குழாய் எங்கே குறுகுகிறதோ அந்த அளவுக்குத்தான் தண்ணீர் வரும். அட்டையின் இணைப்புத் துளை, கம்பிவடம், திரையின் இணைப்புத் துளை ஆகிய மூன்றில் எது பழையதோ அதுவே படத்தின் வேகத்தைத் தீர்மானிக்கும்.

செலவின்றிச் செய்யக்கூடியவை

முதலில் கணினியின் பின்புறத்தைப் பார்க்க வேண்டும். தனி வரைகலை அட்டை இருந்தும், கம்பிவடத்தைத் தாய்ப்பலகையின் துளையில் செருகிவிடுவது வழக்கமான தவறு. அப்படிச் செய்தால் அட்டைக்கு வேலையே இருக்காது.

அடுத்து, டிஸ்பிளேபோர்ட் துளை இருந்தால் அதையே பயன்படுத்தலாம். அலுவலகங்களிலிருந்து மறுவிற்பனைக்கு வரும் கணினிகள் பலவற்றில் இன்டெல் யுஎச்டி 630 வரைகலை உள்ளது. அதன் எச்டிஎம்ஐ துளையில் பெரும்பாலும் 30 ஹெர்ட்ஸ்தான் கிடைக்கும். அதே கணினியின் டிஸ்பிளேபோர்ட் துளையில் 60 ஹெர்ட்ஸ் கிடைக்கும்.

மூன்றாவதாக, திரையின் சொந்தப் பட்டியலைத் திறந்து பார்க்க வேண்டும். சில திரைகளில் எச்டிஎம்ஐ 1.4, 2.0 என்றோ டிஸ்பிளேபோர்ட் 1.1, 1.2 என்றோ தேர்வு இருக்கும். அது பழைய பதிப்பில் இருந்தால் மாற்றிவிடலாம்.

கடைசியாக, விண்டோஸ் 11ல் செட்டிங்ஸ், சிஸ்டம், டிஸ்பிளே, அட்வான்ஸ்டு டிஸ்பிளே என்ற வரிசையில் சென்று 60 ஹெர்ட்சைத் தேர்ந்தெடுக்க வேண்டும். எழுத்து பொடியாகத் தெரிந்தால் திரையின் புள்ளி எண்ணிக்கையைக் குறைக்கக் கூடாது. ‘ஸ்கேல்’ அளவை 150 விழுக்காட்டுக்கு உயர்த்தினால் எழுத்து பெரிதாகவும் கூர்மையாகவும் இருக்கும்.

திரை அவ்வப்போது கறுத்தால் கம்பிவடத்தைச் சந்தேகிக்கலாம். ‘பிரீமியம் ஹை ஸ்பீட்’ சான்றுள்ள எச்டிஎம்ஐ கம்பிவடம் 18 கிகாபிட்டைத் தாங்கும். இரண்டு மீட்டருக்குள் இருப்பது நல்லது.

அட்டையை மாற்றியே ஆக வேண்டுமென்றால்

சில அட்டைகளுக்கு வழியே இல்லை. என்விடியா ஜிடி 710 அட்டையின் எச்டிஎம்ஐ துளை 4கே படத்தை 30 ஹெர்ட்சில்தான் தரும். 2017ல் வந்த ஜிடி 1030 அட்டையில் எச்டிஎம்ஐ 2.0 உண்டு. அதன் மின்தேவையும் ஏறத்தாழ 30 வாட்தான். பாடம், அலுவலக வேலை, காணொளி ஆகியவற்றுக்கு அது போதும். புதிய விளையாட்டுகளை 4கே அளவில் ஓட்ட அதற்கு வலு கிடையாது. அத்தகைய விளையாட்டுகளுக்கு மட்டும் 1920 × 1080 அளவைத் தேர்ந்தெடுத்தால் அட்டையின் சுமை வெகுவாகக் குறையும்.

செங்காங்கிலிருந்து வடகிழக்கு ரயில் பாதையில் ஒன்பதாவது நிலையம் லிட்டில் இந்தியா. அங்கிருந்து ரோச்சோர் கால்வாய் சாலையில் உள்ள சிம் லிம் ஸ்குவேருக்கு நடந்தே போகலாம். புறப்படுமுன் கணினிப் பெட்டியின் உயரத்தை அளந்துகொள்வது நல்லது. சிறிய பெட்டிகளுக்கு அரை உயர அட்டைதான் பொருந்தும். கணினியின் பின்புறத்தையும் திரையின் இணைப்புத் துளைகளையும் கைப்பேசியில் படமெடுத்துச் செல்வது மேலும் உதவும்.

கடையில் “4கே வருமா?” என்று மட்டும் கேட்டால் “வரும்” என்றே பதில் கிடைக்கும். 30 ஹெர்ட்சும் 4கேதானே! “4கே 60 ஹெர்ட்சில் வருமா, எந்தத் துளையில்?” என்று கேட்க வேண்டும். அந்தப் பதிலை ரசீதிலும் எழுதித் தரச் சொல்லலாம்.

அந்த ஒரு வரிக்கு மதிப்புண்டு. 2012 செப்டம்பரில் நடப்புக்கு வந்த ‘லெமன் சட்டம்’, ஒப்புக்கொண்டபடி இல்லாத பொருளைப் பழுதுபார்த்துத் தரவோ மாற்றித் தரவோ கடைக்காரரிடம் கேட்க வழிசெய்கிறது. கடைகள் விற்கும் பழைய பொருள்களுக்கும் அது பொருந்தும். ஆனால் இணையத்தில் ஒரு தனிநபர் இன்னொருவருக்கு விற்பது அதன்கீழ் வராது. அப்படி வாங்குவோர், பணம் கொடுக்குமுன் தங்கள் திரையில் 60 ஹெர்ட்ஸ் வருகிறதா என்று பார்த்துவிடுவதே பாதுகாப்பு.