பத்து மடங்கு தானியம் போட்டால் பத்து மடங்கு இனிப்பு வருமா?

மாணவர்களே, வீட்டில் மைலோ டின் இருந்தால் அதைத் திருப்பி உட்பொருள் பட்டியலைப் படித்துப் பாருங்கள். பால், கோக்கோ ஆகியவற்றோடு பார்லியிலிருந்து எடுத்த மால்ட் சாறும் அதில் இருக்கும். 1934-ஆம் ஆண்டு ஆஸ்திரேலியாவில் தாமஸ் மேய்ன் என்ற வேதியியலாளர் உருவாக்கிய இந்தப் பானத்துக்குத் தனி மணம் தருவதில் மால்ட்டுக்குப் பெரும் பங்கு உண்டு.

இங்கே ஒரு கேள்வி. நம் வீட்டில் காய்ச்சும் பார்லித் தண்ணீர், கற்கண்டோ சீனியோ போடாவிட்டால் இனிக்காது. அதே பார்லியிலிருந்து எடுக்கும் மால்ட் சாறு மட்டும் தேன்போல இனிக்கிறதே, எப்படி?

விடை முளையில் இருக்கிறது. தானியத்துக்குள் இருக்கும் மாவுச்சத்து, குளுக்கோஸ் மூலக்கூறுகள் கோத்த நீண்ட சங்கிலி. அது இனிக்காது. தண்ணீர் பட்டு விதை முளைக்கத் தொடங்கியதும், இளஞ்செடிக்கு உணவு தேவைப்படுகிறது. அப்போது அமைலேஸ் என்ற நொதி பெருகுகிறது. அது சங்கிலியை வெட்டிச் சர்க்கரையாக்குகிறது. முளைத்த தானியத்தை உரிய நேரத்தில் உலர்த்தி, முளை வளராமல் நிறுத்தினால் கிடைப்பதே மால்ட். நொதி அதற்குள் உறங்கிக்கொண்டிருக்கும்.

1833-இல் பிரான்சு நாட்டின் பாயன், பெர்சோ என்ற இரு வேதியியலாளர்கள் இந்த நொதிப் பொருளை மால்ட்டிலிருந்து பிரித்தெடுத்து ‘டயஸ்டேஸ்’ என்று பெயரிட்டார்கள். மனிதன் முதன்முதலில் பிரித்தெடுத்த நொதி அதுதான். நான்காம் படிவ உயிரியலில் நீங்கள் படிக்கும் நொதிப் பாடத்தின் வரலாறு ஒரு பிடி மால்ட்டில்தான் தொடங்குகிறது. கடையில் பார்லித் தண்ணீருக்கு விற்கும் வெள்ளைப் பார்லியோ உமியும் மேல்தோலும் தேய்த்து நீக்கப்பட்டது. அது முளைக்காது. ஆகவே எவ்வளவு கொதிக்க வைத்தாலும் கஞ்சிதான் வரும், இனிப்பு வராது.

65 பாகையின் இரகசியம்

உடைத்த மால்ட்டை வெந்நீரில் சுமார் ஒரு மணி நேரம் ஊறவைத்தால் நொதி விழித்துக்கொள்ளும். ஆனால் எந்தச் சூட்டில்? சுமார் 60 பாகை செல்சியசைத் தாண்டினால்தான் பார்லியின் மாவுச்சத்து நன்கு உப்பி நொதிக்கு இடம் கொடுக்கும். சங்கிலியின் நுனியிலிருந்து இரண்டிரண்டு குளுக்கோசாக வெட்டி மால்டோஸ் சர்க்கரை தருவது பீட்டா அமைலேஸ். 65 பாகைக்கு மேல் போகப்போக அது வேகமாகச் செயலிழக்கும். சங்கிலியை நடுநடுவே வெட்டும் ஆல்ஃபா அமைலேஸ் 70 பாகையிலும் தாக்குப்பிடிக்கும். எனவேதான் மால்ட் ஊறவைப்பவர்கள் 65 பாகையை ஒட்டிய சூட்டைப் பிடித்துக்கொள்கிறார்கள். கொதிநீரை ஊற்றினால் இரண்டு நொதிகளும் கெட்டுப்போகும்.

கிடைத்தது எவ்வளவு, கிடைக்க வேண்டியது எவ்வளவு?

இனி கணக்குக்கு வருவோம். நல்ல மால்ட்டில் 100 கிராமுக்கு ஏறத்தாழ 80 கிராம் வரை நீரில் கரைத்து எடுக்கலாம். அதில் பெரும்பகுதி சர்க்கரை. ஆக, ஒரு கிலோ மால்ட்டில் உச்ச அளவு 800 கிராம். ஆனால் நம் பாத்திரத்தில் 600 கிராம்தான் கரைந்து வந்தது என்று வைத்துக்கொள்வோம். 600-ஐ 800-ஆல் வகுத்தால் 75 விழுக்காடு. இதுவே பிரித்தெடுப்புத் திறன்.

மீதி 200 கிராம் எங்கே போனது? தானியம் சரியாக உடைபடாமல் இருந்தால் தண்ணீர் உள்ளே புகாது. சூடு தவறினால் நொதி வேலையை முடிக்காது. எல்லாவற்றுக்கும் மேலாக, ஒரு கிலோ தானியம் ஏறத்தாழ ஒரு லிட்டர் நீரைத் தன்னோடு பிடித்து வைத்துக்கொள்ளும். அந்த நீரெல்லாம் இனிப்பு நீர்!

தேங்காய்ப் பால் பிழிவதை நினைத்துப் பாருங்கள். முதல் பால் எடுத்த பிறகும் சக்கையைத் தூக்கி எறிவதில்லை. தண்ணீர் விட்டு இரண்டாம் பால் எடுக்கிறோம். மால்ட்டிலும் அப்படித்தான். சக்கையின் மேல் வெந்நீர் ஊற்றி அலசினால், சிக்கியிருந்த சர்க்கரையின் பெரும்பகுதி வந்துவிடும்.

பெருக்கினால் மட்டும் போதுமா?

அறிவியல் விழாவுக்கு 10 விழுக்காட்டு மால்ட் நீர் 5 கிலோ தேவை என்போம். அதாவது கரைந்த பொருள் 500 கிராம் வேண்டும். 75 விழுக்காட்டுத் திறனில் ஒரு கிலோ மால்ட் 600 கிராம் தரும். எனவே சுமார் 830 கிராம் மால்ட் போதும்.

இப்போது பள்ளி முழுவதற்கும் 50 கிலோ மால்ட் நீர் வேண்டும். 830-ஐப் பத்தால் பெருக்கி 8.3 கிலோ போட்டுவிடலாமா? பெரிய அண்டாவில் தானியம் தடிமனாகப் படியும். அலசும் நீர் ஒரே வழியில் ஓடிவிட்டால் மற்ற இடங்களில் சர்க்கரை தங்கிவிடும். திறன் 60 விழுக்காடாகக் குறைந்தால் ஒரு கிலோவுக்குக் கிடைப்பது 480 கிராம்தான். 8.3 கிலோவுக்கு ஏறத்தாழ 4 கிலோ. உங்கள் மால்ட் நீர் 10 விழுக்காட்டுக்குப் பதில் 8 விழுக்காடாக நீர்த்துப்போகும். 10 வேண்டுமென்றால் 5,000-ஐ 480-ஆல் வகுங்கள். 10.4 கிலோ மால்ட் தேவை.

ஆவியாதலிலும் இதே சிக்கல் உண்டு. பாத்திரத்தின் வடிவம் மாறாமல் கொள்ளளவு மட்டும் 10 மடங்கானால், மேற்பரப்பு 4.6 மடங்குதான் கூடும். சிறிய பாத்திரத்தில் 5 லிட்டரைக் கொதிக்க வைத்து 1 லிட்டர் ஆவியானால், அது 20 விழுக்காடு. அதே வேகத்தில் கொதிக்கும் பெரிய அண்டாவில் 50 லிட்டருக்கு ஆவியாவது 4.6 லிட்டர். அது வெறும் 9 விழுக்காடு. வீட்டுக் குழம்பின் அளவைப் பத்தால் பெருக்கி விருந்துக்குச் சமைக்கும்போது, தண்ணீரையும் பத்தால் பெருக்கினால் குழம்பு நீர்த்துப்போவது இதனால்தான். அடுப்பிலிருந்து இறக்கிய பெரிய அண்டா மெதுவாக ஆறுவதற்கும் இதே விகிதம்தான் காரணம்.

ஒருமுறை அளந்தால் நம்பலாமா?

உங்கள் பாத்திரத்தின் திறன் என்ன என்பதை எந்தச் செய்முறைக் குறிப்பும் சொல்லாது. நீங்கள்தான் அளக்க வேண்டும். ஆனால் இன்று 75, நாளை 71, மறுநாள் 77 என்று வந்தால் எதை நம்புவது?

இதே கேள்வி அயர்லாந்தின் டப்ளின் நகரில் பியர் தயாரிக்கும் கின்னஸ் நிறுவனத்திலும் எழுந்தது. 1899-இல் அங்கே வேலைக்குச் சேர்ந்த வில்லியம் சீலி காசெட், பார்லி, மால்ட் போன்ற மூலப்பொருள்களின் சோதனை முடிவுகளோடு மல்லுக்கட்டினார். நான்கைந்து அளவீடுகளை மட்டும் வைத்துக்கொண்டு எந்த அளவுக்கு உறுதியாகப் பேசலாம் என்பதைக் கணக்கிட வழி கண்டார். 1908-இல் அதைக் கட்டுரையாக வெளியிட்டபோது அவர் சொந்தப் பெயரைப் போடவில்லை. ‘ஸ்டூடன்ட்’, அதாவது ‘மாணவர்’ என்ற புனைபெயரில் எழுதினார். மருத்துவ ஆய்வு முதல் வேளாண்மை வரை இன்றும் பயன்படும் ‘ஸ்டூடன்ட் டி-சோதனை’ அங்கிருந்து வளர்ந்ததுதான்.

நீங்களே செய்து பாருங்கள்

மால்ட் பார்லி எளிதில் கிடைக்காது. கவலை வேண்டாம். பிரிக்பீல்ட்ஸ், கிள்ளான் லிட்டில் இந்தியா மளிகைக் கடைகளில் கேழ்வரகு கிடைக்கும். முழுக் கேழ்வரகை ஓர் இரவு ஊறவைத்து, ஈரத்துணியில் கட்டி இரண்டு நாள் முளைக்க விடுங்கள். பிறகு நன்றாக உலர்த்தி மாவாக அரையுங்கள்.

பெரியவர் ஒருவர் துணையோடு சாதாரணக் கேழ்வரகு மாவில் கெட்டியாகக் கூழ் காய்ச்சி, இரண்டு கிண்ணங்களில் சமமாக ஊற்றுங்கள். வெப்பமானி 60 முதல் 65 பாகை காட்டும்போது, ஒரு கிண்ணத்தில் ஒரு தேக்கரண்டி முளைகட்டிய மாவையும், மற்றதில் அதே அளவு முளைகட்டாத மாவையும் கலக்குங்கள். இரண்டையும் சுடுநீரில் வைத்து 20 நிமிடம் காத்திருங்கள். முளைகட்டிய மாவு போட்ட கூழ் இளகி ஓடும். மற்றது கெட்டியாகவே இருக்கும். குழந்தைகளுக்கான கஞ்சியில் முளைகட்டிய மாவு சேர்ப்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம். தண்ணீரைக் கூட்டாமலே கஞ்சி இளகுவதால், சிறு வயிற்றுக்குள் கூடுதல் சத்து போகும். குடிப்பதாக இருந்தால், கூழை மறுபடி கொதிக்க வைத்துவிடுங்கள்.

மூன்றாவது கிண்ணமும் வைக்கலாம். அதில் முளைகட்டிய மாவைக் கொதித்துக்கொண்டிருக்கும் கூழிலேயே போட்டுப் பாருங்கள். என்ன நடக்கும் என்பதை, கிண்ணத்தைப் பார்க்கும் முன்பே நோட்டில் எழுதிவிடுங்கள்.

அடுத்த முறை எந்தச் செய்முறையின் அளவைப் பெருக்கினாலும், ஒவ்வொரு வரியிடமும் மூன்று கேள்வி கேளுங்கள். இது எடையோடு கூடுமா? மேற்பரப்போடு கூடுமா? 65 பாகையைப் போல மாறாமலே நிற்குமா? இந்த மூன்றையும் பிரித்துக்கொண்ட பிறகு பத்தால் பெருக்குங்கள்.